கத்தி யார் கையில்

என் கணவர் பெயர் மதியழகன்.
ஆபீசில் இப்போது முழுமதி என்கிறார்களாம்.
அவரும் கூடச் சிரித்துவிட்டு வந்து
அயனாவரம் வீட்டுக் கண்ணாடி முன்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நிற்பார்.

போர் தண்ணீர்தான் காரணம் என்றார் முதலில்.
இரண்டு மாதம் கேன் தண்ணீரில் தலை குளித்தார்.
பிறகொரு காலை, நைட் டூட்டி முடிந்து
நான் செருப்பைக் கழற்றும்போது
"இஸ்தான்புல்" என்றார்,
பெரம்பூருக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி.

ஓட்டல், கார், மொழிபெயர்ப்பாளர்,
நாலாயிரத்து ஐந்நூறு கிராஃப்ட்,
எல்லாம் சேர்த்து ஒரே விலை.
இன்றே முன்பணம் கட்டினால் இருநூறு யூரோ தள்ளுபடி.

பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான்.
தையல் போடுமுன் ரத்தத் துணிகளை எண்ணுகிறவள்.
ஒன்று குறைந்தால்
பெரிய டாக்டரையும் ஊசியோடு நிற்க வைக்கிறவள்.
என்னிடமா தள்ளுபடி?

வீடியோ காலில் வந்தவள் பெயர் எலிஃப்.
"ஹாய் டியர்."
வரவேற்பறையில் சரவிளக்கு.
ஓட்டல் மெத்தையில்
துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள்.
ஆட்டோகிளேவைக் காட்டு என்றேன்.
மறுபடி சரவிளக்கு.

கருவிப் பொட்டலத்தின்மேல் ஒரு நாடா ஒட்டுவோம்.
உள்ளே ஆவியில் வெந்தால் மட்டுமே
அதன் வெளிறிய கோடுகள் கறுக்கும்.
அந்தக் கறுப்பைப் பாராமல்
ஒரு பொட்டலத்தையும் நான் பிரித்ததில்லை.
முடி கறுப்பதெல்லாம் அப்புறம்.

தட்டினேன், ஒரே மூச்சில்:
தோலைக் கீறுவது டாக்டரா, டெக்னீஷியனா?
பெயர், பதிவு எண்?
அன்றைக்கு அவருக்கு எத்தனை தலை?
பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு
மரப்பு ஊசி எவ்வளவு, யார் கணக்கு?
பதினோராம் நாள் சீழ் வைத்தால்
கீழ்ப்பாக்கத்தில் நான் யார் கதவைத் தட்ட?

இரண்டு நீல டிக்.
கொஞ்சம் கழித்து ஒரு சிவப்பு இதயம்.
அப்புறம்: சலுகை இரவு பன்னிரண்டு வரை.

"உனக்கு எதிலும் சந்தேகம்."
மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.
நானும் போனேன், அவர் நண்பர் ஹபிபுல்லாவின் படத்தோடு.
முன்னால், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு நெற்றி.
பின்னால் கரையான் தின்ற பலகை.
பின்மண்டை விளைநிலம் இல்லைங்க, வங்கி இருப்பு;
எடுத்தது எடுத்ததுதான்.

மயிரைக் கட்டி மலையை இழுப்பார்கள்.
வந்தால் மலை, போனால் மயிர்.
நாம் மலையைக் கட்டி இழுக்கப் போகிறோம்,
பிராவிடன்ட் ஃபண்டில் கடன் போட்டு.
அவர் பேசவில்லை.
ரயில் ஒன்று வில்லிவாக்கம் பக்கம் கத்திக்கொண்டு போனது.

மூன்றாவது கிளினிக்கில்
டாக்டரே திரையில் வந்து உட்கார்ந்தார்.
அவருக்குப் பின்னால் ஈரம் பூத்த சுவர்.
உங்கள் அப்பாவுக்கு எந்த வயதில் கொட்டியது?
தினமும் என்ன மாத்திரை?
தலையைக் குனியுங்கள். இன்னும். வெளிச்சத்தில்.
ஆட்டோகிளேவ் என்றேன்.
போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்,
வழியில் யாரோ டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்,
அலமாரியைத் திறந்தார்.
கறுப்புக் கோடுகள், வரிசையாக.

பிறகு சொன்னார்:
நாலாயிரம் வேண்டாம், இரண்டாயிரம் போதும்.
அதுவும் இப்போது இல்லை.
ஆறு மாதம் பிரஷரைக் கட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.
முன்பணம்?
அப்போது பார்க்கலாம்.

என்னவரின் முகம் விழுந்தது.
எனக்கோ, மூன்று வாரத்தில் முதல் முறையாகப்
பசித்தது.

அந்த டாக்டரின் பெயர், பதிவு எண்,
விசாரிக்க வேண்டிய பழைய நோயாளிகள் இருவரின் நம்பர்,
அடியில் இன்றைய பிரஷர், நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்றிரண்டு,
எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்,
கைப்பையில் கிடந்த ஆட்டோகிளேவ் நாடாவில்
ஒரு துண்டு கிழித்து.

கோடுகள் வெளிறித்தான் இருக்கின்றன
இன்னும்.